காட்டின் அருமை உணர்த்திய அறிஞர்

நாட்டிற்கு நலம் தருவன பலவற்றுள்ளும் நீர் தலைசிறந்தது. அந்நீரை மழை தருகின்றது. மழை தந்த நீரைக் காடு காத்து வைக்கின்றது. ஆதலின், காட்டை அழிப்பவர் தம் கிணற்றைத் தாமே தூர்ப்பவர் ஆவர். இவ்வுண்மையை உழுதுண்டு வாழ்ந்த முன்னோர் பட்டறிவால் உணர்ந்திருந்தனர். அதனை அளந்தும் ஒப்புநோக்கியும் அறிவியல் முறையில் நிலைநாட்டிய பெரியாருள் ஒருவர், செருமனி நாட்டிலே தோன்றிய அலெக்சாந்தர் அம்போல்ட் என்பவர்.

அம்போல்ட் 1769ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்கள் 14ஆம் நாள் பெர்லின் நகரில் செல்வக்குடியொன்றிற் பிறந்தார். பத்தாம் அகவை நிரம்புமுன்னரே தந்தையை இழந்தார். இளமையில் இலையும் பூவும், பூச்சியும் கல்லுமாகத் தொகுத்துச் சீட்டெழுதி வைப்பதே அவர்தம் விளையாட்டு. அதுகண்ட வீட்டார் அவரைச் சிறிய மருந்துக்கடைக்காரர் என்று அழைத்து நகையாடுவர். தொலைநாடுகளைக் காணும் வேட்கை அவர் உள்ளத்தே கனன்றது. ஆயினும், மகன் அரசாங்க அலுவலில் அமர வேண்டும் என்பது அன்னையின் விருப்பம். அதற்கிணங்கி அவர் சுரங்கவியல் பயின்று, 1792ஆம் ஆண்டில் சுரங்க அலுவலர் ஆனார்.

விருப்பமில்லாத பணி என்று அவர் சோர்ந்திருந்தாரல்லர். சுரங்கத்தில் உழைக்கும் ஏழை மக்களுக்குத் தம் பொருளைக்கொண்டு ஒரு பள்ளி நிறுவினார். நச்சுக்காற்று நிறைந்த குழிகளில் அவர்கள் உயிர் பிழைத்தற்கென விளக்கும் மூச்சுக்கருவியும் அமைத்தார். 1796ஆம் ஆண்டில் அன்னை மறைந்தார். முன்னோர் ஈட்டிய பெரும்பொருள் அவர் கைக்கு வந்தது. அப்பொருளைக்கொண்டு மாளிகை எடுக்கவும் இன்பம் துய்க்கவும் அவர் எண்ணவில்லை. பணியைத் துறந்து, உலகத்தைக் கற்கப் புறப்பட்டார்.

1799ஆம் ஆண்டு சூன் திங்களில், பான்பிளான் என்னும் பிரெஞ்சு நாட்டுத் தாவரநூல் வல்லவரைத் துணைக்கொண்டு, இசுப்பானியத் துறைமுகத்தினின்றும் கப்பலேறினார். சூலைத் திங்களில் தென்னமெரிக்காவின் வடகரையை அடைந்தார். வெப்பமானி, அழுத்தமானி முதலிய கருவிகள் பல அவருடன் சென்றன. செல்லுமிடமெல்லாம் காற்றின் வெப்பத்தையும் நிலத்தின் உயரத்தையும் அளந்து குறித்துக்கொள்வது அவர்தம் வழக்கமாயிற்று.

1800ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், இன்றைய வெனிசுவேலா நாட்டிலுள்ள வலென்சியா ஏரிக்கரையை அவர் அடைந்தார். அவ்வேரியின் நீர் ஆண்டுதோறும் குறைந்துகொண்டே வந்தது. முன்பு தீவுகளாய் இருந்தவை கரையோடு இணைந்து மேடுகளாயின. நீர் நிலத்தடிப் பிலம் ஒன்றன் வழியே ஒழுகி மறைகின்றது என்று ஊரார் கருதினர். அம்போல்ட் அதனை ஏற்றாரல்லர். கரைகளை ஆராய்ந்தார், வெயிலால் ஆவியாகும் நீரைக் கணக்கிட்டார், ஏரிக்கு நீர் கொணரும் ஓடைகளைப் பின்பற்றிச் சென்று சுற்றியிருந்த மலைச்சரிவுகளை நோக்கினார். அங்கே காரணம் வெளிப்பட்டது. அவுரியும் கரும்பும் பருத்தியும் பயிரிடுதற்பொருட்டு மக்கள் மரங்களை வெட்டியிருந்தனர். ஓடைகளையும் வயல்களுக்குத் திருப்பியிருந்தனர்.

மரம் செய்யும் பணி யாது என்பதை அவர் தெளிவுற விளக்கினார். மரத்தின் நிழல் நிலத்தை வெயிலினின்று காக்கின்றது. இலைகள் விடும் நீராவி காற்றைக் குளிர்விக்கின்றது. உதிர்ந்த சருகும் பின்னிய வேரும் பெய்த மழையைப் பிடித்து மண்ணுள் மெல்ல இறக்குகின்றன. மரம் அழிந்த இடத்திலோ மழைநீர் காட்டாறாய்ப் பாய்ந்து வளமண்ணை அரித்துச் செல்லும். மழையற்ற நாளில் ஓடை வறண்டு கிடக்கும். ஆகவே, ஒரே செயலால் வெள்ளமும் வறட்சியும் விளைகின்றன. ஒரு தலைமுறை காட்டை அழித்தால் அதன் கேட்டினைப் பின்வரும் தலைமுறைகள் நுகர வேண்டும் என்று அவர் எச்சரித்தார்.

அவர் கூற்றுக்குக் காலமே சான்று பகர்ந்தது. ஏறத்தாழ இருபது ஆண்டுகளின் பின், பூசிங்கோல் என்னும் பிரெஞ்சு அறிஞர் அவ்வேரிக்குச் சென்றார். இடைப்பட்ட காலத்தில் நிகழ்ந்த விடுதலைப் போரினால் வயல்கள் தரிசாகி, அவற்றின்மேல் காடு மீண்டும் வளர்ந்திருந்தது. ஏரியின் நீரும் உயர்ந்திருந்தது. காடு தேய நீர் தேய்ந்தது. காடு வளர நீர் வளர்ந்தது.

பின்னர் அம்போல்ட் ஓரினோகோ, நீக்ரோ முதலிய பேராறுகளிற் படகேறிச் சென்றார். கொசுக்கடியும் காய்ச்சலும் பசியும் வருத்தவும் ஆராய்ச்சியை நிறுத்தவில்லை. 1802ஆம் ஆண்டு சூன் திங்கள் 23ஆம் நாள், உலகிலேயே மிக உயர்ந்தது என அந்நாளிற் கருதப்பட்ட சிம்பொராசோ மலையில் ஏறினார். மூச்சுத் திணறிற்று, ஈறுகளிற் குருதி கசிந்தது. அவர் கணக்கின்படி 5,800 மீட்டருக்கு மேற்பட்ட உயரத்தில் பெரும்பிளவொன்று வழியை மறித்தது, திரும்பினார். மலையுச்சியை அடையாவிடினும், அதனினும் உயர்ந்த உண்மையொன்றை அவர் அடைந்தார். ஒவ்வொரு மரமும் செடியும் தனக்குரிய வெப்பநிலை வாய்ந்த உயரத்திலேயே வாழ்கின்றது என்பதே அது. 1804ஆம் ஆண்டில் ஐரோப்பாவுக்கு மீண்டு, 1807ஆம் ஆண்டில் தாவரங்களின் புவியியல் பற்றிய நூலை வெளியிட்டார். 1817ஆம் ஆண்டில், ஒத்த வெப்பமுடைய இடங்களைக் கோடுகளால் இணைத்துக் காட்டும் முறையையும் உலகிற்கு அளித்தார்.

இமயமலையைக் காண அவர் பேராவல் கொண்டிருந்தார். கிழக்கிந்தியக் கம்பெனியார் அதற்கு இசைவு தரவில்லை. அவர் இந்திய மண்ணை மிதியாவிடினும், அவர் கருத்துகள் இங்கே பணிபுரிந்த அறிஞர்களிடையே பரவின. காடழிவால் வறட்சி நேரும் என்னும் அச்சம் அரசினரிடையே எழுந்தது. 1856ஆம் ஆண்டில் சென்னை மாகாணக் காடுகளைக் காக்கக் கிளெக்கார்ன் என்னும் மருத்துவர் அமர்த்தப்பெற்றார்.

அம்போல்ட் 1829ஆம் ஆண்டில், தம் அறுபதாம் அகவையில், உருசிய நாட்டில் 15,000 கிலோமீட்டருக்கு மேற்பட்ட நெடும்பயணம் செய்தார். அதன்பின் 1843ஆம் ஆண்டில் வெளியிட்ட நூலில், மாந்தர் தட்பவெப்பத்தை மாற்றும் வழிகள் மூன்றனைக் குறித்தார்: காடழித்தல், நீரோட்டத்தை மாற்றுதல், தொழில் நிலையங்களில் நீராவியும் வளியும் மிகுதியாக வெளிவிடுதல் என்பன அவை. உலக முழுமையும் வெப்பமுறும் என்று அவர் கணித்துரைத்தாரல்லர். ஆயினும், அவர் ஐயுற்ற வழிகள் மெய்யாயின என்பதைப் பிற்காலத்து ஆராய்ச்சி காட்டுகின்றது.

நிலக்கரியும் எண்ணெயும் எரித்தலால் உலகம் இன்று வெப்பமுற்று வருகின்றது. சூடேறிய காற்று மண்ணிலும் இலையிலுமுள்ள நீரை மிகுதியாகக் கவர்கின்றது. நீரைக் காக்க மரம் தன் இலைத்துளைகளை மூடிக்கொள்கின்றது. மூடவே உணவு சமைக்க இயலாமல் மெலிகின்றது. மெலிந்த மரத்தை வண்டும் நோயும் எளிதில் வீழ்த்துகின்றன. உலர்ந்த காட்டில் தீயும் விரைந்து பரவுகின்றது. அம்போல்ட் படகிற் சென்ற நீக்ரோ ஆறு, 2023ஆம் ஆண்டு வறட்சியில், மனாவசு நகரில் 1902 முதல் எழுதப்பெற்ற அளவுகளுள் மிகத் தாழ்ந்த நிலையை அடைந்தது; 2024ஆம் ஆண்டில் அதனினும் தாழ்ந்தது. 2012ஆம் ஆண்டில் சிம்பொராசோ மலையை மீண்டும் ஆராய்ந்தோர், செடிகள் பழைய எல்லையைக் கடந்து மேலேறியிருக்கக் கண்டனர். மேலும் ஏற இடமில்லாத உச்சியில் அவை என் செய்யும்?

பெரும்பொருள் முழுவதையும் பயணத்திலும் நூல் வெளியீட்டிலும் செலவிட்ட அப்பெரியார், முதுமையில் அரசர் அளித்த ஊதியத்தால் வாழ்ந்தார். இளம் அறிஞர்க்கு இயன்றவாறெல்லாம் உதவினார். அடிமை முறையை வாழ்நாள் முழுதும் வெறுத்துரைத்தார். 1859ஆம் ஆண்டு மே திங்கள் 6ஆம் நாள், 89ஆம் அகவையில், பெர்லினில் உயிர் நீத்தார். வலென்சியா ஏரிக்கரையில் அவர் கண்ட உண்மை மறையவில்லை. ஏரி வற்றினால் ஏரியை மட்டும் நோக்குதல் போதாது. அதனைச் சூழ்ந்த மலையையும் மலைமேலுள்ள மரத்தையும் நோக்குதல் வேண்டும். மரத்தை வெட்டுவோர் அறியாமற்போயினும், அதனை நட்டு வளர்ப்போர் இதனை மறவாமை கடன்.