பங்சாரில் அறை தேடும் உங்க போனுக்குள் ஒரு சீர்காழிக்காரர்: யார் இந்த எஸ்.ஆர்.ரங்கநாதன்?

பங்சார் எல்ஆர்டி ஸ்டேஷன்ல இறங்கி நடந்துகிட்டே போனில் வாடகை அறை தேடியிருக்கீங்களா? முதலில் நூற்றுக்கணக்கான அறைகள் வந்து கொட்டும். உடனே ஃபில்டரைத் தொடுவீங்க. மாதம் 800 ரிங்கிட்டுக்குள், எல்ஆர்டிக்குப் பக்கத்தில், சமையல் வசதியோடு, அடுத்த மாதமே குடிபோகிற மாதிரி. நாலு தட்டு தட்டினால் போதும், பட்டியல் சுருங்கிவிடும்.

விலை, இடம், வசதி, காலம் என ஒன்றைக் கூறு கூறாகப் பிரித்துத் தேடும் இந்த முறைக்கு ஃபேசட் தேடல் என்று பெயர். இதன் வேரைத் தேடிப் போனால், கணினியே இல்லாத காலத்தில் சென்னையில் வேலை பார்த்த ஒரு கணித ஆசிரியரிடம் போய் நிற்போம்.

வேண்டா வெறுப்பாக வந்த வேலை

ரங்கநாதன் 1892ஆம் ஆண்டு பிறந்தார். சொந்த ஊர் சீர்காழி. சின்ன வயதிலேயே அப்பாவை இழந்தவர். பேச்சில் திக்கல் இருந்தது. அதையும் மீறி மெட்ராஸ் கிறிஸ்தவக் கல்லூரியில் கணிதம் படித்து, மங்களூர், கோவை, சென்னை எனக் கல்லூரிகளில் பாடம் நடத்தினார்.

1924 ஜனவரியில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் நூலகராகச் சேர்ந்தார். சேர்ந்த சில வாரங்களிலேயே வெறுத்துப்போனது. வகுப்பறை நிறைய மாணவர்களைப் பார்த்துப் பழகியவருக்கு, ஆள் வராத நூலகத்தில் தனியாக உட்கார முடியவில்லை. பழைய வேலையே வேண்டும் என்று திரும்பிப் போய்க் கேட்டார்.

ஓர் ஒப்பந்தம் ஆனது. முதலில் லண்டன் போய் நூலகவியல் படிக்க வேண்டும். திரும்பி வந்த பிறகும் பிடிக்கவில்லை என்றால் கணித வேலை அவருக்கே.

லண்டனில் மனசு மாறியது. அங்கே நூலகங்களுக்குச் சிறுவர்கள் வந்தார்கள், தொழிலாளிகள் வந்தார்கள், இல்லத்தரசிகள் வந்தார்கள். நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களைப் போய்ப் பார்த்தார். 1925இல் ஊர் திரும்பியவர் கணித வகுப்புக்குப் போகவே இல்லை.

பொம்மைக் கடையில் கிடைத்த யோசனை

லண்டனில் அவருக்கு ஒரு கேள்வி குடைந்துகொண்டே இருந்தது. அமெரிக்காவின் மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட வகைப்பாட்டில், ஒவ்வொரு பொருளுக்கும் முன்கூட்டியே ஓர் எண் ஒதுக்கப்பட்டிருக்கும். ஆனால் ஒரு புத்தகம் மருத்துவம், வரலாறு, விவசாயம் மூன்றையும் பேசினால் அதை எங்கே வைப்பது?

லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ பொம்மையைப் பார்த்தார். அதே துண்டுகள்தான், மாற்றி மாற்றிப் பூட்டினால் வண்டியும் ஆகும், பாலமும் ஆகும். பொருள்களையும் இப்படிப் பூட்டலாமே என்று தோன்றியது.

அதிலிருந்து பிறந்ததுதான் 1933இல் வெளிவந்த கோலன் வகைப்பாடு. கூறுகளை இணைக்க முக்காற்புள்ளியைப் பயன்படுத்தியதால் அந்தப் பெயர். எந்தப் பொருளையும் ஐந்து கூறுகளாகப் பிரிக்கலாம் என்றார்: எதைப் பற்றியது, எதனால் ஆனது, என்ன செயல், எந்த இடம், எந்தக் காலம்.

உங்க தேடலுக்கு இது எப்படி உதவும்?

கிள்ளானில் மலேரியாவை எப்படிக் கட்டுப்படுத்தினார்கள் என்று தெரிந்துகொள்ள வேண்டும். உங்க கொள்ளுத்தாத்தா அந்தப் பக்கத் தோட்டம் ஒன்றில் வேலை செய்தவர் என்று வைத்துக்கொள்வோம். கிள்ளான் என்று மட்டும் தட்டினால் சாப்பாட்டுக் கடையும் டிராஃபிக்கும்தான் வரும்.

கூறுகளாகப் பிரியுங்க. எது? மலேரியா. எதோடு தொடர்பு? சதுப்பு நிலம், கொசு. என்ன செயல்? கட்டுப்படுத்துதல். எங்கே? கிள்ளான். எப்போது? 1901, அதாவது மருத்துவர் மால்கம் வாட்சன் அங்கே சதுப்பு நிலங்களை வடியவைக்கும் பணியைத் தொடங்கிய காலம்.

காலத்தை யோசித்தவுடனே இன்னொன்றும் புரியும். இன்றைய போர்ட் கிள்ளானுக்கு 1972 வரை போர்ட் சுவெட்டன்ஹாம் என்றுதான் பெயர். பழைய ஆவணம் வேண்டும் என்றால் பழைய பெயரில் தேட வேண்டும். இரண்டு மூன்று மொழி தெரிந்த நமக்கு இதில் கூடுதல் லாபம்: அதே கூறுகளை மலாயிலும் ஆங்கிலத்திலும் தமிழிலும் தனித்தனியாகப் போட்டுப் பார்க்கலாம்.

இன்றைய விஷயங்களுக்கும் இதே வழிதான். பிடிபிடிஎன் கடன் பற்றித் தேடுறீங்க. முதலில் வருவது பல வருஷம் பழைய பதிவாக இருக்கலாம். அதை நம்பி முடிவெடுத்தால் நஷ்டம் உங்களுக்குத்தான். கூகிளில் டூல்ஸ் பகுதிக்குப் போய்க் காலத்தைச் சுருக்குங்க. தேடும் சொற்களுக்குப் பின்னால் ஆங்கிலத்தில் சைட் என்று எழுதி, முக்காற்புள்ளி வைத்து, இடைவெளி விடாமல் ஜிஓவி டாட் எம்ஒய் என்று சேர்த்தால் மலேசிய அரசுத் தளங்கள் மட்டும் வரும். ஏஐ செயலியிடம் கேட்டாலும் இடத்தையும் காலத்தையும் சேர்த்தே கேளுங்க. வந்த பதிலை மூலத்தில் சரிபாருங்க.

அலமாரியில் தோல்வி, திரையில் வெற்றி

1931இல் நூலகவியலுக்கு ஐந்து விதிகளை எழுதினார் ரங்கநாதன். புத்தகம் பூட்டி வைப்பதற்கல்ல, பயன்படுத்துவதற்கு. ஒவ்வொரு வாசகருக்கும் அவருக்கான புத்தகம் உண்டு. ஒவ்வொரு புத்தகத்துக்கும் அதற்கான வாசகர் உண்டு. வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்த வேண்டும். நூலகம் வளர்ந்துகொண்டே இருக்கும். சாரம் இவ்வளவுதான்.

எழுதியதோடு அவர் நிற்கவில்லை. எல்லாருக்கும் நூலகம் வேண்டும் என்று பல ஆண்டுகள் போராடினார். அதன் பலனாக 1948இல் மெட்ராஸ் பொது நூலகச் சட்டம் வந்தது. 1957இல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1962இல் பெங்களூரில் ஆவணவியல் ஆய்வு, பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972 செப்டம்பரில் அதே ஊரில் காலமானார்.

அவருடைய கோலன் முறை உலக நூலகங்களில் பெரிதாகப் பரவவில்லை. குறியீடுகள் நீளம், பழகுவதும் கஷ்டம். அதோடு, எத்தனை கூறுகள் இருந்தாலும் ஒரு புத்தகத்தை அலமாரியில் ஒரே இடத்தில்தானே வைக்க முடியும்? கணினிக்கு அந்தக் கட்டுப்பாடு கிடையாது. ஒரே அறை விலைப் பட்டியலிலும் வரும், பங்சார் பட்டியலிலும் வரும், சமையல் வசதிப் பட்டியலிலும் வரும்.

எங்கேயோ இருக்கிறது, ஆனால் யாராலும் கண்டுபிடிக்க முடியவில்லை என்றால் அது இல்லாததற்குச் சமம். உங்க கொள்ளுத்தாத்தா தோட்டத்தைப் பற்றிய பக்கமும் அப்படித்தான். அடுத்த முறை தேடல் பெட்டியைத் திறக்கும்போது முதல் சொல்லைத் தட்டுவதற்கு முன் பத்து நொடி யோசிங்க: எது, எதோடு, என்ன செயல், எங்கே, எப்போது?