கடலில் ரயில் விட்ட கிழவர்

எழுபத்தைந்து வயதை எட்டிவிட்ட ஒரு மனிதர், பொருளுக்கும் குறைவில்லை என்றால், என்ன செய்வார்? நம் ஊராயிருந்தால் சாய்வு நாற்காலியும் வெற்றிலைப் பெட்டியும் போதும் என்று அமர்வார். மிஞ்சிப்போனால் ஒரு கோயிலுக்குத் திருப்பணி செய்து, கல்லில் பெயரைப் பொறித்து வைப்பார். 1905ஆம் ஆண்டில் அமெரிக்காவில் அந்த வயதில் இருந்த ஒருவர் வேறு காரியத்தில் இறங்கினார். புளோரிடா மாநிலத்தின் தென்கோடியிலிருந்து கடலுக்குள் வில்லைப்போல் வளைந்து கிடக்கிறது சிறு தீவுகளின் வரிசை ஒன்று. சிறு தீவை அங்கே ‘கீ’ என்பார்கள். தீவுக்குத் தீவு பாலம் போட்டு, கடைசிக் கோடியிலுள்ள கீ வெஸ்ட் நகரம் வரை ரயில் விடப்போவதாக அவர் அறிவித்தார். அவர் பெயர் ஹென்றி மாரிசன் பிளாக்லர். பணம் மிகுந்த கிழவரின் பைத்தியக்காரத்தனம் என்று பலரும் நகைத்தனர்.

நம்முள் பொறியியல் பயிலும் நண்பர்கள் அந்தப் பாலங்களைப்பற்றிக் கேள்விப்பட்டிருக்கலாம். வணிகம் பயில்வோர் பிளாக்லரின் பெயரை ராக்பெல்லரின் பெயரோடு சேர்த்துப் படித்திருக்கலாம். இரண்டும் ஒரே மனிதர் என்பதுதான் வியப்பு. காசுக்குக் காசு கணக்குப் பார்த்தே கோடீசுவரரான ஒருவர், கணக்கு எந்தப் பக்கத்திலும் நேராகாத ஒரு வேலையில் ஏழு ஆண்டுகளையும் ஏறக்குறைய மூன்று கோடி டாலரையும் கொட்டினார்.

அவர் பிறவிச் செல்வர் அல்லர். 1830 ஜனவரி 2ஆம் நாள் நியூயார்க் மாநிலத்து ஹோப்வெல் என்ற சிற்றூரில் ஓர் ஏழைப் பாதிரியாரின் மகனாகப் பிறந்தார். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினான்காம் வயதில் வீட்டைவிட்டுப் புறப்பட்டு, ஒஹையோ மாநிலத்தில் உறவினர் கடையொன்றில் வேலைக்கு அமர்ந்தார். உண்ண உணவும் படுக்க இடமும் கொடுத்து மாதம் 5 டாலர் சம்பளம். பிறகு தானிய வியாபாரத்தில் கொஞ்சம் பணம் சேர்த்தார். 1862இல் அதை எடுத்துக்கொண்டு மிச்சிகன் மாநிலத்துக்குச் சென்று உப்புத் தொழிலில் போட்டார். உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. படைகளுக்கு வேண்டிய இறைச்சியைப் பதப்படுத்த உப்பு தேவைப்பட்டதால் விலை ஏறியிருந்தது. 1865இல் போர் முடிந்தது. உப்பு விலை சரிந்தது. கைமுதலும் போய்க் கடனும் தலைமேல் ஏறியது. உப்பிட்டவரை நினை என்பது நம் வழக்கு. அவரை உப்பே கவிழ்த்துவிட்டது. முப்பத்தைந்து வயதில், மனைவி வீட்டார் கொடுத்த கடனால்தான் அவர் மறுபடி தலைநிமிர முடிந்தது.

கிளீவ்லண்டு நகரில் மீண்டும் தானியக் கடை வைத்தபோது, பழைய அறிமுகமான ஜான் டி. ராக்பெல்லர் அங்கே மண்ணெண்ணெய் சுத்திகரிப்பில் இறங்கியிருந்தார். அவருக்குப் பணம் வேண்டியிருந்தது. பிளாக்லரின் மனைவி வழி உறவினர் ஒருவர் பணத்தைக் கொடுத்து, பிளாக்லரையும் பங்காளியாகச் சேர்க்கச் செய்தார். இது 1867இல். மூன்று ஆண்டுகளில் ஸ்டாண்டர்டு ஆயில் கம்பெனி பிறந்தது. இருவரும் அடுத்தடுத்த வீடுகளில் குடியிருந்து, காலையில் பேசிக்கொண்டே அலுவலகத்துக்கு நடந்து போவார்கள். ரயில் கம்பெனிகளுக்கு நாள்தோறும் இத்தனை வண்டிச் சரக்கு என்று உறுதி கூறி, கட்டணத்தில் ஒரு பகுதியை மறைவாகத் திருப்பி வாங்கும் பேரத்தில் பிளாக்லர் கைதேர்ந்தவர். அந்தச் சலுகை கிடைக்காத சிறு ஆலைக்காரர்கள் ஒருவர்பின் ஒருவராக விலைபோனார்கள். கம்பெனி அமைப்பின் மூளை தம்முடையது அன்று, பிளாக்லருடையது என்று ராக்பெல்லரே பிற்காலத்தில் ஒப்புக்கொண்டிருக்கிறார். பாராட்டு என்று கொண்டாலும் சரி, குற்றச்சாட்டு என்று கொண்டாலும் சரி, இரண்டுக்கும் அது பொருந்தும்.

புளோரிடாவுக்கு அவரை அழைத்து வந்தது ஆசை அன்று, நோய். மனைவி மேரியின் உடல்நிலைக்காக வைத்தியர் சொன்னபடி 1878இல் குளிர்காலத்தைக் கழிக்க அங்கே போனார். 1881இல் மேரி இறந்துவிட்டார். இரண்டாண்டு கழித்து ஐடா ஆலிஸ் என்பவரை மணந்து, அவரோடு செயிண்ட் அகஸ்டின் என்ற பழைய ஸ்பானிய நகரத்துக்கு வந்தார். ஊர் அழகாயிருந்தது, தங்க நல்ல ஹோட்டல் இல்லை. நாமாயிருந்தால் முணுமுணுத்துவிட்டுத் திரும்பியிருப்போம். அவர் 1888இல் அங்கே ஓர் அரண்மனை போன்ற ஹோட்டலையே கட்டித் திறந்தார். ஹோட்டலுக்கு விருந்தினர் வர ரயில் வேண்டும். இருந்த குட்டி ரயிலை விலைக்கு வாங்கினார். ரயில் இருந்தால் தெற்கே நீட்டலாம். நீட்டிய இடத்தில் இன்னொரு ஹோட்டல். இப்படியே 1894இல் பாம் பீச், 1896இல் மயாமி. மயாமி அப்போது சில வீடுகளே கொண்ட குக்கிராமம். நகராட்சி அமைத்தபோது ஊருக்கு அவர் பெயரையே வைக்க முனைந்தார்கள். பழைய பெயரே இருக்கட்டும் என்று மறுத்துவிட்டார்.

இந்த இடத்தில் அவர் வாழ்வின் ஒரு கறையையும் சொல்லியாக வேண்டும். இரண்டாம் மனைவிக்குச் சித்தம் கலங்கியது. மருத்துவ விடுதியில் சேர்த்தார்கள். 1901இல் புளோரிடா சட்டசபை, தீராத பைத்தியத்தை மணவிலக்குக்குக் காரணமாக்கி ஒரு சட்டம் இயற்றியது. யாருக்காக என்பதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் விலக்குப் பெற்று, அதே மாதத்தில் மூன்றாம் மணமும் செய்துகொண்டார். அவருக்கு 71 வயது, மணமகளுக்கு 34. நான்காண்டில் அந்தச் சட்டம் நீக்கப்பட்டது. ஐடா ஆலிஸோ 1930 வரை உயிரோடிருந்தார். வேண்டிய பொருளை அவருக்கு ஒதுக்கியிருந்தார் என்பது உண்மைதான். ஆனால் ஒரு மாநிலத்தின் சட்டமே ஒருவர் வீட்டுக் காரியத்துக்கு வளைந்து கொடுத்ததை அது மறைக்காது.

இனிக் கடலுக்கு வருவோம். 1898இல் ஸ்பெயினோடு நடந்த போருக்குப்பின் கியூபாவோடு அமெரிக்க வணிகம் பெருகியது. 1904இல் அமெரிக்கா பனாமாக் கால்வாய் வேலையை ஏற்றது. கால்வாயிலிருந்து வரும் கப்பல்களுக்கு மிக அருகிலுள்ள அமெரிக்கத் துறைமுகம் கீ வெஸ்ட். அங்கிருந்து ஹவானா தொண்ணூறு மைல் சொச்சம். இதுதான் வெளியில் சொன்ன கணக்கு. ஆனால் மயாமிக்குத் தெற்கே ஹோம்ஸ்டெட் என்ற ஊரோடு நிலம் முடிகிறது. அப்பால் 128 மைல் சதுப்பும் தீவும் கடலும். ஏற்கத்தக்க ஒப்பந்தம் எதுவும் கிடைக்காமல் ரயில் கம்பெனியே நேரடியாக வேலையை எடுத்துக்கொண்டது. ஜோசப் மெரிடித் தலைமை எஞ்சினீயர்.

தீவுகளில் குடிதண்ணீர் இல்லை. ஒவ்வொரு சொட்டும் வடக்கிலிருந்து தொட்டிகளில் வரவேண்டும், குடிக்கவும் சமைக்கவும் மட்டுமல்ல, கான்கிரீட் குழைக்கவும் எஞ்சின் கொதிகலனுக்கும்கூட. கொசுவோ சொல்லத் தரமன்று. கடலடியில் பவழப் பாறை. தூண் எழுப்ப வேண்டிய இடத்தைப் பெட்டி போல் அடைத்து, அதன் அடியில் சிமெண்டுக் கலவையைக் கொட்டி இறுகவிட்டு, பிறகு உள்ளிருக்கும் நீரை இறைத்துவிட்டு மேலே கட்டினார்கள். உப்பு நீருக்குள் நிற்கும் பகுதிக்கு ஜெர்மனியிலிருந்து சிமெண்டு வந்தது. நீருக்கு மேலே உள்நாட்டுச் சிமெண்டு. முதல் பெரிய பாலம் லாங் கீ தீவை ஒட்டியது. நூற்றெண்பதுக்கு மேற்பட்ட கான்கிரீட் வளைவுகள், இரண்டு மைலுக்கு மேல் நீளம். தூரத்திலிருந்து பார்த்தால் அலைமேல் அலையாகக் கல் ஓடுவதுபோல் இருக்கும்.

இதைக் கட்டிய கைகள் யாருடையவை? ஒரு சமயத்தில் நாலாயிரம் பேர் வரை வேலை செய்தார்கள். பகாமா, கேமன் தீவுகளின் கறுப்பு மக்கள், ஸ்பானியர், நியூயார்க் வீதிகளில் வேலையின்றித் திரிந்து, தரகர் பேச்சை நம்பி ரயிலேறிய பல தேசத்து ஏழைகள். வந்த பிறகு, பயணச் செலவு கடனாக நின்றது; கடன் தீரும்வரை தீவைவிட்டுப் போக வழியில்லை. கொத்தடிமை முறை என்று மத்திய அரசு கம்பெனியைச் சேர்ந்தவர்கள்மீது வழக்கே தொடுத்தது. 1908இல் வழக்கு நிற்கவில்லை. வழக்கு நிற்காததனால் துன்பம் இல்லையென்று ஆகிவிடாது.

1906 அக்டோபரில் சூறாவளி அடித்தது. லாங் கீ அருகே தொழிலாளர் பலர் மிதவை வீடுகளில் குடியிருந்தார்கள். கட்டு அறுந்த மிதவையொன்று கடலுக்குள் போய் உடைந்தது. அந்தப் புயலில் மாண்ட தொழிலாளர் நூற்றுக்கும் மேல். மரத்துண்டைப் பற்றி மிதந்தவர்களில் சிலரைப் போகிற கப்பல்கள் தூக்கித் தொலைதூரத் துறைமுகங்களில் இறக்கிவிட்டன. வேலையை நிறுத்துவதா என்ற கேள்வி எழுந்தது. மேலே நடத்தும்படி பிளாக்லர் உத்தரவிட்டார். அதற்குப்பின் ஆட்களைக் கரையில் தங்கவைத்தார்கள். எஞ்சினீயர்களும் ஒரு பாடம் கற்றார்கள். சிக்கனத்துக்காக ஆழமற்ற இடங்களைக் கல்லும் மண்ணும் கொட்டி அடைப்பதே முதல் திட்டம். கடல் போக வர வழி இல்லாவிட்டால் கரையையே தூக்கிப் போகும் என்று கண்டு, பாலத்தின் நீளத்தைக் கூட்டிக்கொண்டே போனார்கள்; செலவும் கூடிக்கொண்டே போயிற்று. 1909இல் ஒரு புயல், 1910இல் ஒரு புயல். மெரிடித் 1909இல் இறந்தார். இளைஞரான வில்லியம் குரோம் அவர் இடத்துக்கு வந்தார்.

நடுவே இருந்தது பெரிய இடைவெளி. அதன்மேல் எழுந்ததே ஏழு மைல் பாலம். ஒரு பகுதி கான்கிரீட் தூண்கள்மேல் எஃகு உத்திரங்கள். மறுபகுதி 210 கான்கிரீட் வளைவுகள். கப்பல் போகச் சுழன்று வழிவிடும் கண் ஒன்று. 1914இல் திறக்கப்பட்ட நம் பழைய பாம்பன் ரயில் பாலம் ஒன்றேகால் மைல் என்பதை நினைத்துக்கொண்டால் அளவு விளங்கும். கிழவருக்கோ கண்பார்வை மங்கிக்கொண்டு வந்தது. அவர் உயிரோடிருக்கும்போதே ரயில் ஓடவேண்டும் என்று 1911 முழுதும் இரவும் பகலும் வேலை நடந்தது. இப்போது கணக்கு டாலரில் இல்லை, நாட்களில்.

1912 ஜனவரி 22. எண்பத்திரண்டாம் பிறந்தநாள் கழிந்து இருபதாம் நாள், தம் சொந்த ரயில் பெட்டியில் அமர்ந்து பிளாக்லர் கீ வெஸ்ட் வந்து இறங்கினார். ஊரே திரண்டிருந்தது, ரயிலையே அன்றுவரை காணாதவர்கள் அக்கூட்டத்தில் ஏராளம். பள்ளிக் குழந்தைகள் பாடினார்கள். பாட்டு அவர் காதில் விழுந்தது. பாடிய முகங்களை எவ்வளவு கண்டாரோ! இனி நிம்மதியாகச் சாகலாம் என்ற பொருள்படச் சொன்னாராம். மறு ஆண்டு தொடக்கத்தில் பாம் பீச் மாளிகையில் படிக்கட்டில் தவறி விழுந்தார். 1913 மே 20இல் உயிர் நீங்கியது. இளமையில் இறந்த மகள் நினைவாகச் செயிண்ட் அகஸ்டினில் தாம் கட்டிய கோயிலிலேயே அடக்கமானார்.

கணக்கு என்ன ஆயிற்று? 1914இல் கால்வாய் திறந்தது. எதிர்பார்த்த கப்பல்கள் கீ வெஸ்டை நாடி வரவில்லை. கியூபாவின் சர்க்கரையும் அன்னாசியும் வந்தன, உல்லாசப் பயணிகள் வந்தார்கள், செலவுக்குக் கட்டவில்லை. 1931இல் கம்பெனி நீதிமன்ற நிர்வாகத்தின்கீழ்ப் போயிற்று. 1935 செப்டம்பர் 2இல் அமெரிக்கா கண்ட சூறாவளிகளிலேயே கொடியது அத்தீவுகளில் இறங்கியது. அங்கே சாலைப் பாலம் கட்ட, முதல் உலகப் போரில் பணியாற்றிய பழைய சிப்பாய்களைக் குடிசைகளில் வைத்திருந்தார்கள். அவர்களை மீட்க மயாமியிலிருந்து காலம் கடந்து ஒரு ரயில் புறப்பட்டது. இஸ்லாமொராடாவில் கடல் எழுந்து பெட்டிகளை உருட்டிப் போட்டது. எஞ்சின் மட்டும் நின்றது. 1964இல் தனுஷ்கோடி ரயிலின் கதியை அறிந்த நமக்கு இதை விரிக்க வேண்டியதில்லை. இறந்தவர் நானூறுக்கும் மேல்.

நாற்பது மைல் பாதை போயிற்று. ஆனால் போனவை கல்லும் மண்ணும் கொட்டிய கரைகள். தூண்மேல் நின்ற பாலங்கள் நின்றன. எல்லாவற்றையும் 6,40,000 டாலருக்கு மாநிலத்துக்கு விற்றுவிட்டார்கள். அந்தப் பாலங்கள்மேலேயே அகலத் தளம் போட்டு, 1938இல் மோட்டார் சாலை திறந்தார்கள். பகியா ஹோண்டா பாலத்தில் எஃகுச் சட்டத்துக்குள் இரு கார் எதிரெதிரே போக இடமில்லாமையால், சட்டத்தின் உச்சிமேலேயே சாலை போட்டார்கள். பிடுங்கிய தண்டவாளங்கள் பாலத்தின் ஓரத் தடுப்புக் கம்பிகள் ஆயின.

1982இல் பக்கத்திலேயே புதிய ஏழு மைல் பாலம் வந்தது. பழையதில் இரண்டு மைல் பகுதியைச் செப்பனிட்டு, 2022இல் நடப்பவர்க்கும் சைக்கிளில் போவோர்க்கும் திறந்துவிட்டிருக்கிறார்கள். அது போய்ச் சேரும் இடம் பிஜன் கீ என்ற ஐந்து ஏக்கர்த் தீவு. பாலம் கட்டிய காலத்தில் அங்கே நானூறு பேர் வரை தங்கியிருந்தார்கள். ரயில் காலத்து மரவீடுகள் சில அங்கே இன்னும் நிற்கின்றன.