சுருங்கிய துணியை நம்பிப் பறந்தவர்... ஜே.ஆர்.டி. டாடா!

திருப்பூரில் ஏதாவது ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனிக்குப் போய், செக்கிங் டேபிளில் நிற்பவரிடம் 'ஷ்ரிங்கேஜ்' என்று மட்டும் சொல்லிப்பாருங்க. முகம் மாறிடும். துவைத்ததும் டி-ஷர்ட் சொன்ன அளவைத் தாண்டிச் சுருங்கினா, ஆர்டரே கைவிட்டுப் போயிடும். அந்தப் பயத்துலதான் துணியை காம்பேக்டிங் மெஷினில் ஓட்டி எடுக்குறாங்க. ஆனா, துணியை வேண்டுமென்றே சுருங்கவெச்சு, அதை நம்பி வானத்தில் ஏறிய ஒரு கூட்டமும் இருந்தது. அதில் ஒருத்தரை உங்களுக்கு நல்லாவே தெரியும். ஜே.ஆர்.டி. டாடா.

1904 ஜூலை 29-ல் பாரிஸில் பிறந்தவர். அப்பா பார்சி, அம்மா பிரெஞ்சுக்காரர். கோடை விடுமுறைக்குக் குடும்பம் போகும் ஹார்டெலோ கடற்கரையில், அக்கம்பக்கத்தில் ஒரு வீடு லூயி பிளெரியோவுடையது. 1909-ல் இங்கிலீஷ் கால்வாயை முதன்முதலாக விமானத்தில் தாண்டினாரே, அவரேதான். மணலில் விமானம் வந்து இறங்குறதைப் பார்த்து வளர்ற பையனுக்கு வேற என்ன ஆசை வரும்? 15 வயதில் முதல் சவாரி. 1929 பிப்ரவரி 10-ம் தேதி மும்பையில் பைலட் லைசென்ஸ் கைக்கு வந்தது. அதன் எண் 1.

அடுத்த வருஷமே ஒரு போட்டி. இந்தியாவுக்கும் இங்கிலாந்துக்கும் இடையே தனியாகப் பறக்கும் முதல் இந்தியருக்குப் பரிசு என்று ஆகா கான் அறிவித்திருந்தார். ஜே.ஆர்.டி. கராச்சியிலிருந்து கிளம்பினார்; ஆஸ்பி இன்ஜினீயர் என்ற இளைஞர் இங்கிலாந்திலிருந்து. எகிப்தின் அபூகீரில் இருவரும் சந்தித்தபோது, ஸ்பார்க் பிளக் இல்லாமல் ஆஸ்பி மாட்டிக்கொண்டு நின்றார். தன்னிடமிருந்த உதிரி பிளக்குகளை எடுத்துக் கொடுத்தார் ஜே.ஆர்.டி. ஜெயித்தது ஆஸ்பிதான்! பின்னாளில் அந்த ஆஸ்பி இந்திய விமானப்படையின் தலைமைத் தளபதியாகவும் ஆனார்.

அதே காலகட்டத்தில், பிரிட்டிஷ் விமானப்படையில் இருந்த நெவில் வின்சென்ட் ஒரு யோசனையோடு டாடா குழுமத்திடம் வந்தார். லண்டனிலிருந்து வரும் விமானத் தபால் கராச்சியோடு நின்றுவிடுகிறது. அங்கிருந்து மும்பைக்கும் சென்னைக்கும் நாமே கொண்டுபோனா என்ன? டாடா குழுமத்தின் தலைவர் தோராப்ஜி டாடாவுக்கு இதில் பெரிய நம்பிக்கையில்லை. 2 லட்ச ரூபாய்தானே என்று அவரைச் சம்மதிக்க வைத்தார்கள். அரசு மானியம் கிடையாது. கையில் இருந்தவை 'புஸ் மாத்' என்ற இரண்டு குட்டி விமானங்கள்.

அந்த புஸ் மாத்தைக் கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்ப்போமா? நடு உடல், இரும்புக் குழாய்களைப் பற்றவைத்த கூடு. மூக்கில் 120 குதிரைத்திறன் இன்ஜின். அது சுற்றும் புரொப்பெல்லர்தான் விமானத்தை முன்னால் இழுக்கும். வாலில் படுக்கையாக ஒரு பலகை, நிமிர்ந்து ஒரு பலகை. படுத்திருப்பதன் பின்விளிம்பு மேலும் கீழும் அசைந்தா மூக்கு தூக்கும், தாழும். நிமிர்ந்திருப்பதன் பின்விளிம்பு மூக்கை இடம் வலமாகத் திருப்பும். இறக்கைகளின் நுனிப்பக்கம் ஆளுக்கொரு மடிப்பு. ஒரு பக்கம் ஏறினா மறுபக்கம் இறங்கி, விமானம் சாயும். திரும்புறதுக்கு முக்கியமா இந்தச் சாய்வுதான் வேணும். இன்னிக்கு பீளமேட்டில் இறங்குற ஜெட்டிலும் இதே உறுப்புகள்தான். அளவுதான் மலைக்கும் மடுவுக்கும்.

இனி இறக்கைக்கு வருவோம். நீளவாக்கில் மரச்சட்டம், குறுக்கே விலா எலும்பு மாதிரி மரத்துண்டுகள், அதன்மேல் துணி. அவ்வளவுதான்! ஆனா அந்த விலா எலும்பின் வளைவில்தான் எல்லாமே இருக்கு. கோவை பஸ்ஸில் ஜன்னலோரம் வீசுற காற்றில் உள்ளங்கையைக் கொஞ்சம் சாய்த்துப் பிடித்தா, கை மேலே தள்ளப்படும் இல்லையா? கைக்குத் தெரிந்த அந்த விஷயம்தான் இறக்கையிலும். முன்விளிம்பு லேசாகத் தூக்கியிருப்பதால், இறக்கை காற்றைக் கீழ்நோக்கித் திருப்புகிறது. காற்று பதிலுக்கு இறக்கையை மேலே தள்ளுகிறது. வளைந்த மேற்பரப்பை ஒட்டி ஓடும் காற்று வேகமெடுக்க, அங்கே அழுத்தம் குறைகிறது. மேலே போன காற்றும் கீழே போன காற்றும் ஒரே நேரத்தில் மறுமுனையில் சேரணும் என்று சிலர் சொல்லித்தருவது தப்பு. மேலே போனது முன்னாடியே போய்ச் சேர்ந்துடும்.

இங்கேதான் ஷ்ரிங்கேஜ். துணி தொய்ந்தா வளைவு போச்சு. வளைவு கெட்டா தூக்கும் விசையும் போச்சு. நம்ம பனியன் துணி இழுத்தா இழுபடும், அதனால இதுக்கு ஆகாது. நெய்த துணிதான். ரைட் சகோதரர்கள் 1903-ல் பறந்ததும் பருத்தி மஸ்லினில்தான்; அதைக் குறுக்குவாட்டில் வெட்டி, தையல் மெஷினில் தைத்திருந்தார்கள். துணியைச் சட்டத்தில் போர்த்தியதும் 'டோப்' என்ற வார்னிஷைப் பல பூச்சு அடிப்பாங்க. அது காய காய துணி சுருங்கி, மத்தளத் தோல் மாதிரி விறைப்பாகிவிடும். தட்டினா சத்தம் வரும்.

விறைப்பான துணி மட்டும் உயிரைக் காப்பாத்திடாது. 1930 முதல் சில ஆண்டுகளில், கொந்தளிப்பான காற்றில் பல புஸ் மாத்கள் இறக்கை முறிந்து விழுந்தன. அப்புறம்தான் இறக்கையைத் தாங்கும் கம்பிகளின் அமைப்பை பலப்படுத்தினாங்க. ஜே.ஆர்.டி. தபாலோடு ஏறியது சரியா அந்த ஆண்டுகளில்தான்.

1932 அக்டோபர் 15. கராச்சி டிரிக் ரோடு விமானத் தளத்திலிருந்து, 55 பவுண்டு (சுமார் 25 கிலோ) தபாலுடன் தனியாகக் கிளம்பினார். ரேடியோ கிடையாது, கீழே தெரியும் நிலம்தான் மேப். அகமதாபாத்தில் பெட்ரோல் டின்கள் மாட்டுவண்டியில் வந்து சேர்ந்தன. பிற்பகல் ஜுஹுவின் களிமண் திடலில் இறங்கினார். அங்கிருந்து வின்சென்ட் தபாலை வாங்கிக்கொண்டு, பெல்லாரி வழியாக மறுநாள் சென்னை வந்து சேர்ந்தார். மழைக்காலத்தில் ஜுஹு சேறாகிவிட்டா, கம்பெனி மொத்தமும் புனேவுக்கு மாறும்.

அந்தத் தபால் கம்பெனிதான் ஏர் இந்தியா ஆனது. 1948 ஜூனில் மும்பை டு லண்டன். 1953-ல் அரசு தேசியமயமாக்கியது. தலைவராக அவரையே வைத்துக்கொண்டது. தன் விமானங்களில் போகும்போதெல்லாம் டீயின் நிறம், திரைச்சீலை என்று குறிப்பெழுதுவாராம். அழுக்கான கவுன்டரைத் தானே துடைத்த கதையும் உண்டு. (நம்ம ஊர் செக்கிங் மேஸ்திரிகளோடு அவருக்கு நல்லா ஒத்துப்போயிருக்கும்.) 1978 பிப்ரவரியில் மொரார்ஜி தேசாய் அரசு அவரை அந்தப் பதவியிலிருந்து நீக்கியது. 46 வருஷ உறவு, ஒரு உத்தரவில் முடிஞ்சது.

அதுக்கு நாலு வருஷம் கழித்து, 1982 அக்டோபர் 15. முதல் தபால் பயணத்தின் 50-வது ஆண்டு. அதே கராச்சி, அதே மும்பை. புஸ் மாத்தின் அடுத்த தலைமுறையான 'லெப்பர்டு மாத்' ஒன்றைத் தயார் செய்திருந்தார்கள். அதற்கும் துணி இறக்கைதான். அன்றைக்கு அதை ஓட்டிவந்து ஜுஹுவில் இறக்கியபோது ஜே.ஆர்.டி.க்கு வயது 78.