அறுவை மருத்துவ மேதை அபுல் காசிம் அஸ்ஸஹ்ராவீ

அந்தலூஸ் என்று அராபியர் வழங்கிய ஸ்பெயின் நாட்டில், கி.பி. பத்தாம் நூற்றாண்டில் கல்வியாலும் நூலகங்களாலும் புகழோங்கி நின்ற நகரம் குர்துபா. அதனருகே கலீஃபா மூன்றாம் அப்துர் ரஹ்மான் 936-ஆம் ஆண்டளவில் எழுப்பத் தொடங்கிய மாளிகை நகரமே மதீனத்துஸ் ஸஹ்ரா. அந்நகரின் பெயரைத் தம் பெயரோடு தாங்கியவர் அபுல் காசிம் கலஃப் இப்னு அப்பாஸ் அஸ்ஸஹ்ராவீ. மேலைநாட்டார் நாவில் அவர் அல்புகாசிஸ் ஆனார்.

அவரைப் பற்றி வரலாறு விட்டுச் சென்ற குறிப்புகள் சிலவே. அன்சாரி என்னும் பெயர்க்குறி, அவர்தம் முன்னோர் மதீனாவைச் சேர்ந்தோர் என்பதைக் காட்டும். பேரறிஞர் இப்னு ஹஸ்ம் அவரைக் கண்டதாக எழுதியுள்ளார். 1013-ஆம் ஆண்டளவில் மறைந்த அம்மேதையை நாம் அறிவதெல்லாம் பெரிதும் அவருடைய நூலின் வழியாகவே.

‘அத்தஸ்ரீஃப்’ எனச் சுருக்கமாக வழங்கும் அந்நூல் முப்பது பகுதிகளைக் கொண்டது. இறுதிப் பகுதி அறுவை மருத்துவம் பற்றியது. சூடிடுதல், அறுத்தல், எலும்பு முறிவைச் சீர்செய்தல் என மூன்றாகப் பகுத்து, ஏறத்தாழ இருநூறு கருவிகளின் படங்களையும் அதில் வரைந்து தந்தார். மாணவர்களைத் தம் மக்கள் என விளித்தே பாடம் சொல்கிறார். உடற்கூறு அறியாதவன் கத்தியெடுத்தால் என்ன நேரும் என்பதற்கு, தாம் கண்ட நிகழ்ச்சிகளையே முன்னுரையில் வைக்கிறார். ஒரு பெண்ணின் கழுத்துக் கட்டியை அறுத்த மருத்துவன் நாடிகளைத் துண்டித்துவிட, அவள் குருதி பெருகி அவன் முன்னிலையிலேயே மாண்டாள். மற்றொருவன் புற்றுக் கட்டியைத் துளைத்தான். சில நாட்களில் அது புண்ணாகிப் பரவிற்று.

புற்றுநோயைப் பற்றி அவர் எழுதியதே நம் உள்ளத்தைத் தொடுவது. அரபு மொழியில் அந்நோயின் பெயர் ‘சரத்தான்’. நண்டு என்பது பொருள். (தமிழர் கண்ணுக்கு அது கறையான் புற்றாகத் தோன்றிற்று!) முழுவதையும் அகற்ற இயலும் இடமாகிய மார்பகத்திலோ தொடையிலோ, தொடக்க நிலையில், சிறிதாக இருக்கும்போதே அறுக்கலாம் என்றார். முதலில் பேதி மருந்து கொடுத்து உடலைத் தூய்மையாக்க வேண்டும். பின்னர்க் கட்டியில் கொக்கியை மாட்டி, வேரொன்றும் எஞ்சாதபடி சுற்றுத் தோலோடு அறுத்தெடுக்க வேண்டும். குருதியை உடனே தடுத்துவிடாமல் ஓடவிட வேண்டும். மிகுதியாகப் பெருகினால் மட்டும் சூடிட்டு நிறுத்த வேண்டும். கரும்பித்தமே இந்நோய்க்குக் காரணம் என்ற அக்காலக் கொள்கை பிழையானது. ஆயினும் முன்கூட்டிக் கண்டு முழுமையாக நீக்குதல் என்ற நெறி இன்றும் நிலைத்துள்ளது.

அதே இடத்தில் அவர் மற்றொன்றும் எழுதினார். நாட்பட்டுப் பெருத்த புற்றை அணுகவே கூடாது. அத்தகையதைத் தாம் குணப்படுத்தியதும் இல்லை, பிறர் குணப்படுத்தக் கண்டதும் இல்லை என்று வெளிப்படையாகக் கூறினார். தலைமுறைகள் கற்கப்போகும் நூலில் தம் தோல்வியைப் பதிவுசெய்யும் மருத்துவர் அரியர்.

மார்பகப் புற்றை முதன்முதலில் அறுத்தவர் அவரே என்று நம் மேடைகளில் முழங்குவதுண்டு. அது பொருந்தாது. அலெக்சாந்திரியாவின் லியோனிடஸ் பல நூற்றாண்டுகள் முன்பே அதனைச் செய்தார். ஏழாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் பாலின் நூலிலிருந்து ஸஹ்ராவீயே பலவற்றை எடுத்தாண்டார். வந்ததை வாங்கி, கைப்பட்டறிவால் சோதித்து, படத்தோடு கொடுத்த பெருமையே அவருக்குப் போதும்.

இரைப்பைப் புற்றோ கத்திக்கு எட்டாத ஆழத்தில் இருந்தது. 1162-இல் மறைந்த செவில் நகர மருத்துவர் இப்னு ஸுஹ்ர் இரைப்பையில் தோன்றும் கட்டியை விவரித்தார். மயக்க மருந்தும் கிருமி ஒழிப்பும் வந்த பின்னரே, 1881 ஜனவரியில் வியன்னாவில் தியோடர் பில்ரோத் அதனை வெற்றியுடன் அறுத்தெடுத்தார். அந்நோயாளியும் சில மாதங்களே வாழ்ந்தார்.

ஸஹ்ராவீயின் அறுவை நூலைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் தொலேதோ நகரில் கிரெமோனாவின் ஜெரார்டு இலத்தீனில் பெயர்த்தார். 1363-இல் பிரெஞ்சு அறுவை மருத்துவர் கி த ஷோலியாக் தம் நூலில் அவரை மீண்டும் மீண்டும் சான்று காட்டினார். 1465-இல் அது துருக்கியிலும், 1497-இல் வெனிஸ் அச்சகத்திலும் உருப்பெற்றது. அவர் பெயருக்குக் காரணமான நகரமோ, அவர் வாழ்ந்த காலத்திலேயே 1010-ஆம் ஆண்டையொட்டிய உள்நாட்டுப் போரில் சூறையாடப்பட்டு மண்மூடிற்று. 1911-இல்தான் அதனை அகழத் தொடங்கினர்.