பூவண்டும் பப்ரீசியஸும்

பப்ரீசியஸ் என்றவுடன் தமிழகராதி இயற்றிய பாதிரியாரே நம்மவர் நினைவிற்கு வருவார். யாம் ஈண்டுக் கூறப்புகுவது அப்பெயருடைய மற்றொருவரை. பூச்சியினங்களை வகுத்த ஜோஹான் கிறிஸ்டியன் பப்ரீசியஸ் என்னும் பேரறிஞரை.

1745-ஆம் ஆண்டு டோண்டர் நகரிற் பிறந்த இவர், ஸ்வீடன் தேசத்து உப்சலா நகரஞ் சென்று, உயிர்களுக்கு இருசொற் பெயரிடும் முறையை நிலைநிறுத்திய லின்னேயஸிடம் இரண்டாண்டு பயின்றார். ஆசிரியர் பூச்சிகளைச் சிறகின் வேறுபாட்டால் வகுத்தவர். மாணவரோ, உணவிற்கேற்ப வாயுறுப்பு அமைதலின், இனத்தை உணர்த்துவது வாயே எனத் துணிந்தார். ஆசிரியர் உயிருடனிருக்கையிலேயே, 1775-இல், அம்முறைப்படி தமது பெருநூலை வெளியிட்டார்.

கடுகினப் பூக்களில் மகரந்தம் உண்டு வாழும், இரண்டு மில்லிமீட்டர் அளவினதாகிய சிறு வண்டொன்றும் அந்நூலிற் பெயர் பெற்றது. அதன் பளபளப்பை நோக்கி, வெண்கல நிறத்தது எனப் பொருள்படும் இலத்தீன் சொல்லை அதற்கு இட்டார். அத்துணைச் சிறிய வாயை ஆராய்தல் எளிதன்று. ஆதலின் பின்வந்தோர் வாயொன்றையே சாராது பிற உறுப்புக்களையும் நோக்கலாயினர். அவ்வண்டும் வேறு பேரினத்திற்கு மாற்றப்பட்டது. அவர் இட்ட சிற்றினப் பெயரோ இன்றும் நிலைத்துள்ளது.

ஏறத்தாழ 10,000 பூச்சிகளுக்குப் பெயரிட்ட இவர் 1808-இல் கீல் நகரிற் காலஞ்சென்றார். ஆசிரியரின் பெயரிடு முறையைக் கைவிடாது, வகுப்பு முறையில் மட்டும் விலகிய இவரது துணிவு, மாணவராவார் யாவரும் எண்ணத்தக்கதென்பது எமது கருத்து.