எம். கே. தியாகராஜ பாகவதர்

மாயவரம் கிருஷ்ணமூர்த்தி தியாகராஜ பாகவதர் (மார்ச் 1, 1910 - நவம்பர் 1, 1959) தமிழ்த் திரைப்பட நடிகரும், நாடக நடிகரும், கருநாடக இசைப் பாடகரும் ஆவார். எம். கே. டி. என்றும், பாகவதர் என்றும் பரவலாக அறியப்பட்டவர். தமிழ்த் திரையுலகின் முதல் உச்ச நட்சத்திரமாகக் கருதப்படுகிறார். 1934 இல் வெளிவந்த பவளக்கொடி இவரது முதல் திரைப்படம். அதிலேயே புகழ்பெற்று, அடுத்த மூன்று ஆண்டுகளுக்குள் தமிழகத்தின் முன்னணி நடிகரானார். புதுமுகம் ஒருவர் இவ்வளவு விரைவில் அந்நிலையை எட்டியது அக்காலத்தில் அரிது. எனினும் அவர் திரைக்குத்தான் புதியவர். திருச்சிராப்பள்ளியில் பெற்ற நீண்ட பயிற்சி அவருக்குப் பின்பலமாக இருந்தது.

இளமை

தியாகராஜன் மாயவரத்தில் கிருஷ்ணமூர்த்தி ஆச்சாரி, மாணிக்கத்தம்மாள் இணையருக்கு மூத்த மகனாகப் பிறந்தார். தந்தையார் பொற்கொல்லர். குடும்பம் பின்னர் திருச்சிராப்பள்ளிக்குக் குடிபெயர்ந்தது. சிறுவனுக்குப் பள்ளிப் படிப்பிலும் குலத்தொழிலிலும் நாட்டம் செல்லவில்லை. பாட்டிலேயே மனம் சென்றது. தந்தை கண்டிக்கவே வீட்டை விட்டு வெளியேறிக் கடப்பைக்குச் சென்றுவிட்டதாகவும், அங்கே பாடிக்கொண்டிருந்த மகனைத் தந்தை தேடிச்சென்று அழைத்து வந்ததாகவும் கூறப்படுகிறது. அதன்பின் பாடுவதற்கு வீட்டில் தடை இருக்கவில்லை. பஜனைகளில் பாடத் தொடங்கினார்.

திருச்சிராப்பள்ளி வட்டாரம் இசைக்குப் பெயர்பெற்றது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையே திருவரங்கமும், கொள்ளிடத்துக்கு வடக்கே லால்குடியும் அமைந்துள்ளன. தியாகராச சுவாமிகள் இவ்விரு தலங்களுக்கும் பஞ்சரத்தினக் கீர்த்தனைகள் இயற்றியுள்ளார். லால்குடியைச் சேர்ந்த இராமய்யர் அவருடைய நேர்ச் சீடர். பாட்டைக் கேட்டுத் தரம் பிரிக்கத் தெரிந்த மக்கள் வாழ்ந்த இப்பகுதியில், நல்ல குரல் மட்டும் கொண்டு ஒரு சிறுவன் பெயரெடுப்பது எளிதாக இருந்திருக்காது.

நாடகப் பயிற்சி

தென்னிந்திய இரயில்வேயில் அதிகாரியாகப் பணியாற்றிய எஃப். ஜி. நடேச ஐயர் 1914 இல் திருச்சிராப்பள்ளியில் ரசிக ரஞ்சன சபாவை நிறுவினார். நாடகத்தில் தேர்ந்தவரான இவர், தியாகராஜனின் பாட்டைக் கேட்டு, அரிச்சந்திரா நாடகத்தில் லோகிதாசன் வேடத்தைக் கொடுத்தார். அப்போது சிறுவனுக்குப் பத்து வயது. நாடகம் வெற்றிபெற்றது.

அதன் பின்னர் நடந்ததே முக்கியமானது. லோகிதாசனாகப் பெயரெடுத்த சிறுவனுக்கு முறையான பயிற்சி அளிக்கப்பட்டது. நடராஜ வாத்தியார் நடிப்பைக் கற்றுக்கொடுத்தார். வயலின் வித்துவான் மதுரை பொன்னு ஐயங்கார் கருநாடக இசையைப் பயிற்றுவித்தார். இந்த இசைப் பயிற்சி ஆறு ஆண்டுகள் நீடித்தது. பயிற்சி முடிந்து நிகழ்ந்த அரங்கேற்றத்தில் புதுக்கோட்டை தட்சிணாமூர்த்திப் பிள்ளை கஞ்சிரா வாசித்தார். அவரே இளைஞரைப் பாகவதர் என்று அழைத்ததாகவும், அப்பெயரே நிலைத்ததாகவும் கூறுவர்.

அக்கால நாடகங்களில் நடிகரே பாட வேண்டும். ஒலிபெருக்கி இல்லாத கொட்டகையில் கடைசி வரிசை வரை குரல் எட்ட வேண்டும். உச்சத்தாயியில் தடையின்றிப் பாடி மக்களைக் கவர்ந்தவர் எஸ். ஜி. கிட்டப்பா. அந்த வழியிலேயே பாகவதரும் பாடினார். கிட்டப்பா 1933 டிசம்பரில் இளம் வயதிலேயே காலமானார். அவர் பேசும்படத்தில் நடித்ததில்லை. அவருக்குக் கிடைக்காத வாய்ப்பு சில மாதங்களிலேயே பாகவதரைத் தேடி வந்தது.

முதற்படம்

பாகவதர் அருச்சுனனாகவும் எஸ். டி. சுப்புலட்சுமி பவளக்கொடியாகவும் நடித்த நாடகம் செட்டிநாட்டுப் பகுதியில் புகழ்பெற்றிருந்தது. அதைக் கண்ட செட்டியார்கள் அதே நாடகத்தை, அதே இணையைக் கொண்டு படமாக்க முன்வந்தனர். கே. சுப்பிரமணியத்துக்கு இதுவே இயக்குநராக முதற்படம். பாபநாசம் சிவன் இசையமைத்தார். ஆக, நடிகர், நடிகை, இயக்குநர் மூவருமே திரைக்குப் புதியவர்கள்.

படப்பிடிப்பு சென்னை அடையாற்றில், திறந்த வெளியில், சூரிய ஒளியிலேயே நடைபெற்றது. மேகம் மறைத்தால் வேலை நின்றுவிடும். காகங்கள் கரைவது ஒலிப்பதிவில் விழாமலிருக்க அவற்றை விரட்டத் தனி ஆள் வைத்திருந்ததாகச் சொல்வர். பின்னணிப் பாடல் முறை அப்போது தமிழ்ப் படங்களில் இல்லை. நடிகர் ஒலிவாங்கிக்கு எட்டும் தொலைவில் நின்று, நடித்துக்கொண்டே பாட வேண்டும். பக்கவாத்தியக்காரர்கள் படக்கருவியின் பார்வையில் படாமல் இருந்து வாசிப்பார்கள். இப்படியாக ஏறத்தாழ ஐம்பது பாடல்கள் இடம்பெற்றன. புதியவர் ஒருவர் இதில் திணறியிருக்கலாம். ஆனால் இரவெல்லாம் மேடையில் நின்று பாடிப் பழகிய பாகவதருக்கு இது கைவந்த வேலையே. படம் பெரும் வெற்றி பெற்றது.

முன்னணிக்கு வருதல்

நவீன சாரங்கதரா, தம் சொந்த நிறுவனத்தின் சார்பில் தயாரித்த சத்தியசீலன் ஆகிய படங்களுக்குப் பின்னர் 1937 இல் இரண்டு படங்கள் வெளிவந்தன. மதுரை ராயல் டாக்கீசாரின் சிந்தாமணி, ஒய். வி. ராவ் இயக்கத்தில் வெளிவந்து ஓராண்டுக்கு மேல் ஓடியது. அதன் வருவாயைக் கொண்டு மதுரையில் கட்டப்பட்ட திரையரங்குக்குச் சிந்தாமணி என்றே பெயரிடப்பட்டது. மற்றொன்றான அம்பிகாபதியை இயக்கியவர் தமிழ் அறியாத அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன், உரையாடலை எழுதியவர் இளங்கோவன். மேடையில் கைகொடுத்த பெருங்குரலும் விரிந்த அசைவும் இங்கே போதவில்லை. அருகிலிருந்து முகத்தைப் பார்க்கும் படக்கருவிக்கு ஏற்ப அடக்கமாக நடிக்க வேண்டியிருந்தது. பாகவதர் திரைக்கென்றே புதிதாகக் கற்றுக்கொண்டது இதுவே எனலாம்.

இதன்பின் திருநீலகண்டர் (1939), அசோக்குமார் (1941), சிவகவி (1943) ஆகியன வந்தன. தோள்வரை வழியும் அவருடைய தலைமுடி பாகவதர் கிராப்பு என்ற பெயரில் ஊரெங்கும் பரவியது. 1944 தீபாவளிக்கு வெளியான ஹரிதாஸ் சென்னை பிராட்வே திரையரங்கில் மூன்று தீபாவளிகளைக் கண்டது. பெற்றோரை இகழும் செருக்கன், கால்களை இழந்து வருந்துபவன், பக்தன் என ஒரே படத்தில் மூன்று நிலைகளை அவர் காட்ட வேண்டியிருந்தது.

ஏனைய புதுமுகங்கள்

எல்லா நாடக நடிகர்களும் இவ்வேகத்தில் வளரவில்லை. பாய்ஸ் கம்பெனியில் பயின்று, பாகவதரைப் போலவே பாடவும் வல்லவரான பி. யு. சின்னப்பா 1936 இல் திரைக்கு வந்தார். உத்தம புத்திரன் (1940) வரை காத்திருந்த பிறகே முன்னணி நடிகரானார். ம. கோ. இராமச்சந்திரன் 1936 இல் சதிலீலாவதியில் அறிமுகமாகி, பாகவதரின் அசோக்குமாரில் சிறு வேடமேற்று, 1947 இல் ராஜகுமாரியில்தான் கதாநாயகனாக உயர்ந்தார். பதினோரு ஆண்டுகள்! திருச்சிராப்பள்ளியில் வளர்ந்து நாடகக் குழுவில் சேர்ந்த சிவாஜி கணேசனோ 1952 இல் பராசக்தி என்ற முதற்படத்திலேயே உச்சத்தை எட்டினார். இவர்கள் அனைவரும் சிறுவயது முதலே மேடையில் பயின்றவர்கள். ஆகவே பயிற்சி மட்டும் இவ்வேறுபாட்டை விளக்காது. பாகவதருக்கு நன்கு பழகிய நாடகமே முதற்படமாக வாய்த்தது. பாட்டையே முதன்மையாகக் கொண்ட காலமும் அவருக்குத் துணைநின்றது.

சிறைவாசம்

ஹரிதாஸ் ஓடிக்கொண்டிருந்தபோதே பாகவதரின் வாழ்க்கை திசைமாறியது. பத்திரிகையாளர் லட்சுமிகாந்தன் 1944 நவம்பரில் சென்னையில் கத்தியால் குத்தப்பட்டு இறந்தார். அவ்வழக்கில் பாகவதரும் என். எஸ். கிருஷ்ணனும் டிசம்பரில் கைது செய்யப்பட்டனர். 1945 இல் இருவருக்கும் ஆயுள் தண்டனை விதிக்கப்பட்டது. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்ற வழக்கு மறுவிசாரணைக்காகச் சென்னை உயர்நீதிமன்றத்துக்குத் திரும்பியது; 1947 ஏப்ரலில் இருவரும் குற்றமற்றவர்கள் என விடுதலை செய்யப்பட்டனர். அவர் நடிக்கவிருந்த பல படங்கள் இதற்குள் கைநழுவின. அவற்றுள் ஒன்றான உதயணனில் ஜி. என். பாலசுப்பிரமணியம் நடித்தார்.

இறுதிக் காலம்

வெளியே வந்தபோது பாகவதருக்கு வயது 37. குரல் இருந்தது, ஆனால் திரைத்தொழில் மாறியிருந்தது. பின்னணிப் பாடகர்கள் வந்துவிட்டதால் நடிகருக்குப் பாடத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பாடல்களின் எண்ணிக்கை குறைந்து, உரையாடலே படங்களைத் தாங்கத் தொடங்கியது. முப்பதுகளில் தமக்குச் சாதகமாக இருந்தவை எல்லாம் இப்போது எதிராக நிற்க, அவர் ஒரு வகையில் மீண்டும் புதியவரானார். இம்முறை முன்கூட்டிப் பயில அவருக்கு ஆண்டுகள் இருக்கவில்லை. புனேயில் எடுக்கப்பட்ட ராஜமுக்தி (1948) தோல்வியடைந்தது. அமரகவி, சியாமளா (இரண்டும் 1952) ஆகியனவும் பழைய நிலையைத் தரவில்லை. 1957 இல் புதுவாழ்வு படத்தைத் தாமே இயக்கி நடித்தார், அதுவும் ஓடவில்லை.

கச்சேரிகளில் மட்டும் கூட்டம் குறையவில்லை. நோயுற்றிருந்த பாகவதர் 1959 நவம்பர் 1 ஆம் நாள் சென்னை பொது மருத்துவமனையில் காலமானார். உடல் திருச்சிராப்பள்ளிக்கு எடுத்துச் செல்லப்பட்டு, சங்கிலியாண்டபுரத்தில் அடக்கம் செய்யப்பட்டது. அவர் நடித்த பதினான்கு படங்களுள் இறுதியானதாகிய சிவகாமி, அவர் மறைவுக்குப் பின்னர் 1960 இல் வெளிவந்தது.