ஆந்தையும் பூனையும் தந்த கவிஞர்

சிறு வயதில் நான் சாப்பிட அடம்பிடித்தால், ராத்தா ஓர் ஆங்கிலப் பாட்டைச் சொல்லித்தான் சோறு ஊட்டுவார். ஆந்தையும் பூனையும் பச்சைத் தோணியில் கடலுக்குப் போகும். மோதிரம் தேடி ஓராண்டுக்கு மேல் அலையும். கடைசியில் கல்யாணம் முடித்து நிலவொளியில் ஆடும். பாட்டில் வரும் கரண்டிக்குக் கவிஞர் தாமாகவே ஒரு பெயரை உண்டாக்கியிருந்தார். அந்தப் பெயர் வந்ததும் நான் சிரித்து வாயைத் திறப்பேனாம்!

அந்தக் கவிஞர் எட்வேர்ட் லியர். 1812இல் லண்டனில், இருபத்தொரு பிள்ளைகளுள் இருபதாவதாகப் பிறந்தார். குடும்பம் நொடித்துப் போனபோது, அவரைவிட இருபத்தொரு வயது மூத்த சகோதரி ஆன் அவரைத் தாய் போல வளர்த்தார். சிறு வயதிலேயே லியருக்கு வலிப்பு நோய் வந்தது. அக்காலத்தில் அது வெட்கத்துக்குரியதாக எண்ணப்பட்டதால், வாழ்நாள் முழுதும் அதை மறைத்தார். வலிப்பு வந்த நாட்களை நாட்குறிப்பில் சிறு குறியிட்டு மட்டும் வைத்தார்.

அவர் தொழிலால் ஓவியர். பதின்ம வயதிலேயே கிளிகளை வரையத் தொடங்கினார். 1846இல் விக்டோரியா மகாராணிக்குச் சித்திரம் கற்பித்தார். 1867 டிசம்பரில் பிரான்சின் கான் நகரில், நோயுற்றிருந்த நண்பரின் சின்ன மகள் ஜேனட்டை மகிழ்விக்க இந்தப் பாட்டை எழுதினார். 2014இல் பிரித்தானியாவில் நடந்த ஒரு வாக்கெடுப்பில், மக்களுக்கு மிகப் பிடித்த சிறுவர் கவிதையாக இதுவே தெரிவானது.

1874இன் இறுதியில் லியர் நம் இலங்கைக்கும் வந்தார். உடன் வந்த பணியாளர் ஜோர்ஜியோ கடுமையாக நோயுற்றதால் அந்தப் பயணம் அவருக்கு இனிக்கவில்லை. முதுமையில் இத்தாலியின் சன் ரேமோவில் குடியிருந்தார். வால் குட்டையான 'பொஸ்' என்ற பூனையே அவருக்குத் துணை. 1887 நவம்பரில் அது இறக்க, தோட்டத்திலேயே அடக்கினார். இரண்டு மாதங்களில், 1888 ஜனவரியில், அவரும் மறைந்தார்.

இதை நான் ஏன் எழுதுகிறேன்? சென்ற வருடம் காலைக் கூட்டத்தில் நான் மயங்கி விழுந்தது பலருக்கு நினைவிருக்கும். வெயிலால் வந்த மயக்கம் என்று சொல்லியிருந்தேன். அது வலிப்பு. ஒரு வாரம் பாடசாலைக்கு வர மறுத்துப் படுத்திருந்தேன். ராத்தா பக்கத்தில் வந்து அமர்ந்து, சின்னப் பிள்ளைக்குச் சொல்வது போல அதே பாட்டைச் சொன்னார். பிறகுதான் லியரின் கதையையும் சொன்னார். லியர் காலத்தில் இல்லாத மருந்து இன்று இருக்கிறது. ஒழுங்காக எடுத்தால் பலருக்கு நோய் கட்டுப்படுகிறது. நானும் எடுக்கிறேன்.

இதை எழுதலாமா என்று உம்மாவிடம் கேட்டேன். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, எழுது மகள் என்றார்.